ஜுவனைல்: சொல்லும் அதன் தமிழும்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு வருகிறவர்களுக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஒரு நாளைக்கு ‘எதிரி’ என்ற சொல்லை ஐம்பது முறையாவது அடிப்பேன். நம் காவல் நிலையத் தாள்களிலும் நீதிமன்றத் தாள்களிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசையாக வரும். பேரணாம்பட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகன் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன், பைக் திருட்டு வழக்கில் மாட்டியிருந்தான். அவன் மனுவிலும் கைப்பழக்கத்தில் ‘எதிரி’ என்றே அடித்துவிட்டேன். வக்கீல் மேடம் வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை அடித்து, அதன் மேலே ‘சிறார்’ என்று எழுதினார். “சின்னப் பையனை அப்படி எழுதக் கூடாதுன்னு சட்டமே சொல்லுதுப்பா” என்றார்.

உண்மைதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் (ஆங்கிலத்தில் ஜுவனைல் ஜஸ்டிஸ் ஆக்ட்), 3ஆம் பிரிவில் பதினாறு கொள்கைகளைச் சொல்கிறது. அதில் எட்டாவது, சொற்களைப் பற்றியது. ஒரு பிள்ளை சம்பந்தப்பட்ட நடவடிக்கைகளில் பகைமை காட்டும் சொல்லோ பழி சுமத்தும் சொல்லோ வரக் கூடாது. பகைமை காட்டும் சொல் என்றால் ‘எதிரி’யை விட வேறு என்ன வேண்டும்? அன்றிலிருந்துதான் இந்தத் துறையின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஜுவனைல். லத்தீனில் ‘யுவெனிஸ்’ என்றால் இளமையில் இருப்பவர். நாம் சொல்கிற யுவன், யுவதி என்ற வடசொற்களும் அதே வேரின் கிளைகள்தான். ரோமானியர்கள் யுவெனிஸ் என்று சொன்னது சின்னப் பையனை அல்ல, போருக்குப் போகிற வயதுள்ள ஆணை. ஆங்கிலத்துக்கு வந்து, சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்த பிறகுதான் அதற்கு வயது குறைந்தது. கூடவே குற்ற வாடையும் ஒட்டிக்கொண்டது. வேலூரில் ‘ஜுவனைல்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் மனதில் திருட்டும் கஞ்சாவும்தான் வரும், வயது வராது. அந்த அம்மா என்னிடம் சொன்னதும் அப்படித்தான்: “எம் புள்ள அந்த மாதிரி ஜுவனலு இல்ல சார், சேர்க்கைதான் செரியில்ல.”

ஒட்டிக்கொண்ட வாடையைச் சட்டம் எழுதியவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘குற்றம் புரிந்த ஜுவனைல்’ என்றுதான் இருந்தது. பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 என்று வயது வரம்பு. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அப்புறம் வந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 என்று ஆக்கி, சொல்லையும் ‘சட்டத்துடன் முரண்பட்ட ஜுவனைல்’ என்று மாற்றியது. 2015இல் அதுவும் போய் ‘சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை’ ஆனது. முப்பது வருடத்தில் மூன்று பெயர். சட்டத்தின் தலைப்பில் மட்டும் ‘ஜுவனைல்’ என்ற பழைய சொல் தங்கிவிட்டது.

இந்த வழியில் நம் மாகாணம் முன்னால் நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் குழந்தைகளுக்கென்று முதலில் சட்டம் வந்தது இங்கேதான், 1920இல், சென்னைக் குழந்தைகள் சட்டம். அதன் பெயரிலேயே ‘குழந்தைகள்’ என்று இருந்தது. போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் 1925. போர்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் உள்ள ஒரு கிராமம். இளவயதுக் கைதிகளைத் தனியே வைத்துப் பழக்கும் முறை அங்கே தொடங்கியதால் ஊர்ப் பெயரே பள்ளிக்குப் பெயராகிவிட்டது. தமிழில் அதைச் சீர்திருத்தப் பள்ளி என்கிறோம். இன்று அது பதினெட்டைத் தாண்டிய இளைஞர்களுக்கானது. பதினைந்து வயதுப் பையனைச் ‘சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள்’ என்று எழுதுவது இரண்டு விதத்தில் தப்பு. அவன் போகிற இடம் அதுவல்ல, ‘அடைத்தார்கள்’ என்ற சொல்லும் அங்கே வரக் கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘இளம் குற்றவாளி’ நாளிதழ்களில் நிறைய வருகிறது. குற்றவாளி என்றால் குற்றம் நிரூபிக்கப்பட்டவர். விசாரணை முடியும் முன்பே அப்படி எழுதுவது பெரியவர்களுக்கே பொருந்தாது.

இந்த வழக்குகளைப் பார்க்கும் அமைப்புக்கு ‘இளைஞர் நீதிக் குழுமம்’ என்று பலகைகளில் இருக்கிறது. ஆனால் நாம் இளைஞர் என்பது இருபதிலும் இருபத்தைந்திலும் இருப்பவரை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சட்டை தொளதொளவென்று இருக்கிறது. ‘இளஞ்சிறார்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சிறார் என்றாலே இளையவர்தான், மேலும் ஓர் ‘இளம்’ எதற்கு என்று எனக்குத் தோன்றும். ‘விடலை’ ஒரு பாவப்பட்ட சொல். சங்கப் பாட்டில் காதலியோடு பாலை வழியே நடக்கிற வீரன் விடலை. இன்று ‘விடலைப் பசங்க’ என்றாலே திட்டு.

‘குழந்தை’யின் வேர் அழகானது. ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். அந்தக் ‘குழ’விலிருந்துதான் குழவி, குழந்தை எல்லாம். சட்டத்தின் மனதுக்கு மிக நெருங்கிய சொல் இதுதான். ஆனால் மீசை அரும்பியவனைக் குழந்தை என்றால் டீக்கடையில் சண்டைக்கு வருகிறார்கள். அவர்கள் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் கொடுமையில் பிடிபட்ட ஒருவன் பதினெட்டு முடியாதவன் என்று தெரிந்ததும், இவனையும் குழந்தை என்பதா என்று நாடே கேட்டது. அதன் விளைவாகத்தான் 2015 சட்டத்தில், ஏழு ஆண்டும் அதற்கு மேலும் குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றம் என்றால், 16 முடிந்தவரின் மனப்பக்குவத்தை நீதிக் குழுமம் முதலில் மதிப்பிட்டு, பெரியவர்போல விசாரிக்கலாம் என்று அனுப்பவும் வழி வந்தது. அப்போதும் மரண தண்டனை கிடையாது, விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

என் தேர்வு ‘சிறார்’. ‘சிறாஅர்’ என்று சங்கப் பாட்டிலேயே நீட்டி ஒலிக்கிற சொல். சிறு என்பதில் ‘ஆர்’ சேர்ந்தது. வயதைச் சொல்கிறது, பழி சொல்லவில்லை, மரியாதை விகுதியும் இருக்கிறது. ஒருவரைக் குறிக்கவும் ‘அமைச்சர்’ மாதிரி நிற்கும். ‘சட்டத்துடன் முரண்பட்ட’ என்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை, கொள்கைச் சண்டை மாதிரி ஒலிக்கிறது. ‘பிணக்கு’ என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறதே! பிணங்குதல் என்றால் பின்னிக்கொள்ளுதல், நூல் சிக்கிக்கொள்வதுபோல. வீட்டில் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் பிணக்குதான், பேசித் தீர்ப்பதும் உண்டு. ‘சட்டப் பிணக்கில் உள்ள சிறார்’ என்றால் சிக்கு எடுக்கலாம் என்ற நம்பிக்கை சொல்லிலேயே வந்துவிடுகிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்தப் பேரணாம்பட்டுப் பையனின் மனுவைத்தான் காட்டுவேன். பைக் காணாமல் போனது மே மாதம். பையன் பிடிபட்டது ஜூன் மாதம் நடுவில். பள்ளிச் சான்றிதழ்படி பிறந்த தேதி ஜூன் 2. ஆக, பிடிபட்ட அன்று அவனுக்குப் பதினெட்டு முடிந்து சில நாள். ‘மேஜர்’ என்று எழுதி, பெரியவர்களோடு ரிமாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாவும், “மேஜர் ஆயிட்டான், இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். சட்டத்துக்கு முக்கியம், குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாள். மே மாதத்தில் அவன் சிறார். சிறார் என்ற முறையீட்டை எந்தக் கட்டத்திலும் வைக்கலாம், தீர்ப்புக்குப் பிறகும்கூட. 9ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியபோது ஓரம் கிழிந்து, மடிப்பில் மஞ்சள் கறை இருந்தது. “ஆடிக் கிருத்திகைக்கு மொத நாள் பொறந்தான் சார், வாத்தியாரு ஜூனுனு போட்டுட்டாரு” என்றார். நம் பக்கத்தில் இது எத்தனை வீட்டுக் கதை! ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தவில்லை என்றால் மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டு விடுவார்கள். 94ஆம் பிரிவு வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழை. அது இல்லாவிட்டால்தான் நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால் எலும்பு வயதுப் பரிசோதனை. மே மாதத்துக்குப் பதில் ஜூன் கடைசியில் அந்த பைக் போயிருந்தால், ஆடியில் பிறந்த பிள்ளை அந்தத் தேதியால் பெரியவர் கணக்கில் சேர்ந்திருப்பான்.

சிறார் என்று ஆனதும் சுற்றியுள்ள சொற்களும் மாறுகின்றன. கைவிலங்கு கிடையாது, லாக்கப் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் என்றால் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும், அந்த இருவரில் ஒருவராவது பெண். பைக் திருட்டு மாதிரி மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ளது ‘சிறு குற்றம்’, அதற்குப் பொதுவாக முதல் தகவல் அறிக்கையே போடுவதில்லை. காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு அனுப்ப வேண்டும். முடிவில் வருவது தண்டனை அல்ல, ‘ஆணை’. அறிவுரை, ஆற்றுப்படுத்துதல், சமூக சேவை, நன்னடத்தை அலுவலர் மேற்பார்வை, கடைசியாகத்தான் மூன்று ஆண்டுக்கு மிகாமல் சிறப்பு இல்லம். விசாரணை நடக்கும்போது தங்கும் இடம் கூர்நோக்கு இல்லம். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு முடிந்தவர்களுக்குத் தனியாகப் பாதுகாப்பு இல்லம், நம் காகிதப்பட்டறையில் இருப்பதுபோல. தொரப்பாடியில் இருப்பது மத்திய சிறை. ஊரில் இரண்டையும் ‘பெரிய ஜெயில், சின்ன ஜெயில்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் ‘சின்ன ஜெயில்’ ஒரு பிள்ளையின் பெயரோடு ஒட்டினால் கல்யாணப் பேச்சு வரை வருகிறது.

தமிழிலும் ஒரு குறை இருக்கிறது. பெரியவர்களுக்கு நடப்பதும் ‘விசாரணை’, சிறாருக்கு நடப்பதும் ‘விசாரணை’, போலீஸ் கேட்பதும் ‘விசாரணை’. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல். சட்டம் மெனக்கெட்டுப் பிரித்தது நம் வாயில் ஒன்றாகிவிடுகிறது. இதற்கு நல்ல சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நாளிதழ்களிடம் ஒரு வேண்டுகோள். 74ஆம் பிரிவுப்படி பெயர், முகவரி, பள்ளி மட்டுமில்லை, அடையாளம் காட்டக்கூடிய எதையும் போடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். ‘17 வயது சிறுவன்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கிராமத்தின் பெயரும் அப்பாவின் தொழிலும் போட்டால், நாற்பது வீடு உள்ள ஊரில் யாருக்குத் தெரியாது? வழக்கு முடிந்து காலம் கடந்ததும் பதிவுகளையே அழிக்கச் சொல்கிற சட்டம் இது.

என் கணினியில் இருந்த பழைய மனு மாதிரியில் ‘எதிரி’ வரும் இடங்களைத் தேடி, சிறார் வழக்குகளுக்கு மட்டும் தனி மாதிரி செய்து வைத்திருக்கிறேன். ‘சட்டத்துடன் முரண்பட்ட’ என்பதை மட்டும் மாற்றவில்லை, நீதிமன்றத்தில் அதுதான் செல்லும். பேனாவில் குறித்த திருத்தங்களோடு வருகிற குமாஸ்தாக்களுக்கும் அந்தத் தனி மாதிரியையே பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறேன்.