வண்டு சாக்கில் பிறப்பதில்லை

தானியச் சேமிப்பு பற்றிப் பேசப் போகும் டெல்டா ஊர்களில் நான் முதலில் கேட்பது, "போன வருஷம் உளுந்தை எப்போ வித்தீங்க?" என்பதுதான். நெல் அறுவடைக்குப் பின் அந்த வயலிலேயே உளுந்து தெளித்தவர்கள் பலரும், "அடிச்ச கையோட" என்பார்கள். ஊரே ஒரே வாரத்தில் மூட்டையைக் கொண்டுபோனால் விலை இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. உரக்கடைப் பாக்கி ஒரு பக்கம் நெருக்கும். வீட்டில் வைத்தால் வண்டு விழுமே என்ற பயம் இன்னொரு பக்கம்.

அந்தப் பயம் நியாயமானது. பயறு வண்டு, வயலில் நெற்று முற்றும்போதே முட்டையிட்டுவிடுகிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும் பயறுக்குள் புழு இருக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வந்து மறுபடி முட்டையிடும். சாக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

முதல் வேலை காயவைப்பது. தார்ப்பாயில் பரப்பி, ஈரம் 10 சதவீதத்துக்கு வரும்வரை காய வேண்டும். கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள். அப்புறம் காற்றுப்புகாப் பை. ஆப்பிரிக்காவின் கேமரூனில் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக உருவான முறை இது: வெளியே சாதாரணச் சாக்கு, உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் உறைகள். காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு உறையையும் முறுக்கித் தனித்தனியாகக் கட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் பிராணவாயு தீர்ந்ததும் வண்டு பெருகுவது நின்றுவிடும், மருந்தே வேண்டாம். ஆனால் ஈரப்பயறை இதில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துப் பாழாகும். எலி எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

சரி, கடனுக்கு என்ன செய்வது? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் விளைபொருளை வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். இது தெரியாமலே வெளியில் கந்து வட்டிக்கு வாங்குபவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலத்தில், அதாவது வியாபாரிகள் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுக்கும் முறையில், விற்கும்போது விவசாயியிடம் கமிஷனும் பிடிப்பதில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லமாட்டேன். மியான்மரிலிருந்து உளுந்து நிறைய இறக்குமதியானால் விலை ஏறாமலே போகலாம். அவசரக் கடனுக்கு வேண்டியதை விற்றுவிட்டு மீதியை வையுங்கள். அடித்த பிறகு இடம் தேடி அலையாமல், அறுவடைக்கு முன்பே விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரைப் பார்த்து, கிடங்கில் இடம் இருக்கிறதா, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு வந்துவிடுங்கள்.