'டிஸ்கஸ் அபவுட்' கிடக்கட்டும், 'யூஸ்டு டு'வைக் கவனியுங்கள்

அலுவலக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது 'டிஸ்கஸ் அபவுட்' தப்பாமே, 'ரிட்டர்ன் பேக்' தப்பாமே, 'கோப் அப் வித்' தப்பாமே என்றுதான். தப்புதான். டிஸ்கஸ் என்றாலே ஒன்றைப் பற்றிப் பேசுவது, அபவுட் வேண்டியதில்லை. ஆனால் அப்படி எழுதினாலும் எதிராளிக்குப் புரியும், வேலையும் கெடாது. இதற்கெல்லாம் ரீல்ஸில் கிண்டல் செய்கிறார்களே என்று பயந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் நஷ்டம்.

எனக்குக் கவலை தருவது வேறு ரகம். வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாக இருக்கும், ஆனால் நீங்கள் சொல்ல வந்தது ஒன்று, கேட்கிறவர் எடுத்துக்கொள்வது இன்னொன்று.

'யூஸ்டு டு' இதில் முதலிடம். நம்மூரில் 'டெய்லி ஐ யூஸ்டு டு வாக்' என்றால் தினமும் நடக்கிறேன் என்றுதான் அர்த்தம், எல்லோரும் அப்படியே பேசுகிறோம். வெளிநாட்டுக்காரர் காதில் அது 'முன்னெல்லாம் நடப்பேன், இப்போது இல்லை' என்று விழும். இன்டர்வியூவில் நைட் ஷிஃப்ட் பரவாயில்லையா என்று கேட்கும்போது 'ஐ யூஸ்டு டு வர்க் நைட் ஷிஃப்ட்ஸ்' என்றால், பழைய கதையைச் சொன்னதாக ஆகிவிடும். எனக்குப் பழக்கம்தான் என்று சொல்ல 'ஐ ஆம் யூஸ்டு டு வர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்' என்க வேண்டும், நடுவில் அந்த 'ஆம்', கடைசியில் அந்த 'இங்', இரண்டும் முக்கியம். மகளைப் பார்க்க அமெரிக்கா போன அம்மா அங்குள்ள டாக்டரிடம் 'ஐ யூஸ்டு டு டேக் பிபி டேப்லெட்ஸ்' என்றால் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டதாக எழுதிக்கொள்ளக்கூடும். தினமும் சாப்பிடுகிறேன் என்பதற்கு வெறும் 'ஐ டேக்' போதும்.

அடுத்து 'பை', 'டு'. விற்பனை 100 இருந்தது என்று வையுங்கள். 'ஃபெல் பை 20 பெர்சென்ட்' என்றால் இப்போது 80, 'ஃபெல் டு 20' என்றால் மிச்சமே 20தான். இரண்டெழுத்துதானே என்று ரிப்போர்ட்டில் மாற்றிப் போட்டால் மீட்டிங்கில் கேள்வி பறக்கும்.

'பை ஃப்ரைடே', 'டில் ஃப்ரைடே' குழப்பத்துக்குத் தமிழே வழி சொல்லிவிடும். மனசுக்குள் சொல்லிப் பாருங்கள், 'வெள்ளிக்குள்' என்று வந்தால் பை, 'வெள்ளி வரை' என்று வந்தால் டில். ஆனால் 'இன் டூ வீக்ஸ்' விஷயத்தில் தமிழ் கைகொடுக்காது. 'இரண்டு வாரத்தில் அனுப்புகிறேன்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதற்குள்ளே எப்போது வேண்டுமானாலும் என்றுதான், 'ஐ வில் செண்ட் இட் இன் டூ வீக்ஸ்' என்று படிக்கிற கிளையன்ட்டோ இரண்டு வாரம் கழிந்த பிறகே எதிர்பார்ப்பார். 'வித்தின்' போடுங்கள், அதைவிடத் தேதியையே எழுதிவிடுவது உத்தமம்.

அப்புறம் 'அட் தி வீக்கெண்ட்' சரியா 'ஆன் தி வீக்கெண்ட்' சரியா என்று ஒரு சண்டை எப்போதும் நடக்கும். முதலாவது பிரிட்டிஷ், இரண்டாவது அமெரிக்கன். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்.