பிராடிசைசம்: நிலமெல்லசைவு

எரிமலைப் பகுதியில் நிலம் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்ல மேலெழுவதையும், பிறகு மெல்ல அமிழ்வதையும் குறிக்கும் சொல் பிராடிசைசம். கிரேக்கத்தில் ‘பிராடிஸ்’ என்றால் மெதுவான. ‘சைஸ்மோஸ்’ என்றால் அசைவு, குலுக்கம். இத்தாலிய நிலவியலாளர் ஆர்துரோ இஸ்ஸெல் 1883-இல் இவ்விரண்டையும் இணைத்துச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே காம்பி ஃபிளெக்ரே என்ற பெரும் எரிமலைக் குழியும், அதன் நடுவே பொட்சுவோலி என்ற துறைமுக ஊரும் இருக்கின்றன. ரோமானியர் கட்டிய அங்காடி ஒன்றை அங்கே 1750-இல் தோண்டி எடுத்தார்கள். அதன் மூன்று பளிங்குத் தூண்களில், சுமார் 7 மீட்டர் உயரம் வரை, கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பிகள் இட்ட ஓட்டைகள் காணப்பட்டன. நின்ற தூண் நின்றபடியே கடலுக்குள் இறங்கி, மீண்டும் மேலே வந்திருக்கிறது. நிலவியலாளர் சார்லஸ் லையல் 1830-இல் தம் நிலவியல் நூலுக்கு அந்தத் தூண்களையே முகப்புப் படமாக வைத்தார். 1538-இல் அருகே மோந்தே நுவோவோ என்ற புதுக்குன்று வெடித்து எழுவதற்கு முன்பும் நிலம் உயர்ந்தது. 1969–72-இல் சுமார் 1.7 மீட்டரும் 1982–84-இல் சுமார் 1.8 மீட்டரும் உயர்ந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் அமிழ்ந்த நிலம், 2005 முதல் திரும்ப எழுந்து 1.4 மீட்டரைத் தாண்டியிருக்கிறது. துறைமுகத்தில் படகுகள் தரைதட்டுவதற்குக் காரணம் கடல் வற்றியதல்ல, அடித்தரை உயர்ந்ததுதான்.

தமிழில் இதற்கு ‘மெதுநடுக்கம்’ என்று எழுதுவதைப் பார்க்கிறோம். வேர்ச்சொற்களுக்கு அது நேராக இருந்தாலும் பொருளுக்குப் பொருந்தாது. நடுக்கம் என்றதும் நொடிகளில் முடிகிற குலுக்கல்தான் மனதில் வரும். இங்கே நடப்பதோ மாதத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் உயர்வு, யார் காலுக்கும் தெரியாது. ‘நில ஏற்றத்தாழ்வு’ என்றால் மேடுபள்ளம் என்று படிப்பார்கள். ‘மென்னில அசைவு’ என்றால் மண் மென்மையானது என்று ஆகிவிடும். ஆகவே ‘நிலமெல்லசைவு’ என்பதே எங்கள் பரிந்துரை. அசைவு மேல்நோக்கி என்றால் நில உயர்வு, கீழ்நோக்கி என்றால் நில அமிழ்வு. கூடவே வரும் சிறு நிலநடுக்கங்களை நிலநடுக்கம் என்றே எழுதலாம். செய்திகளில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடைபடுகின்றன. கட்டடத்தைச் சோதிப்பவருக்கு அந்தக் குழப்பம் ஆகாது. மெல்லசைவு விட்டுச்செல்லும் அடையாளம் வேறு, குலுக்கல் விட்டுச்செல்லும் அடையாளம் வேறு.

1.8 மீட்டர் உயர்வு என்று கேட்டதும் வீடுகள் இரண்டாகப் பிளந்திருக்கும் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஊரோடு சேர்ந்து வீடும் உயர்ந்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. சுவரின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையிலான வேறுபாடுதான் அதை உடைக்கும். 3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளியில் அழுத்தம் கூடுவதாகக் கொள்ளும் மோகி மாதிரியை எடுத்துக்கொள்வோம். நடுவில் 1.8 மீட்டர் உயர்ந்தால், மிகச் செங்குத்தான சரிவு நடுவிலிருந்து 1.5 கிலோமீட்டர் தள்ளி விழுகிறது. அங்கேயும் அது ஏறத்தாழ 1900-க்கு 1 மட்டுமே. 10 மீட்டர் அகல வீட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 5 மில்லிமீட்டர் உயரும். அதுவும் வீடு முழுதாகச் சாய்வதே தவிர, சுவர் வளைவதல்ல. பொறியாளர்கள் ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் 1956-இல் தந்த வரம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: கோணத் திரிபு, அதாவது இரு தூண்களின் இறக்க வேறுபாட்டை அவற்றின் இடைவெளியால் வகுத்த அளவு, 300-க்கு 1 ஆனால் தூண்களுக்கு இடையிலுள்ள நிரப்புச் சுவர்கள் விரிசல் விடும், 150-க்கு 1 ஆனால் தூணும் உத்தரமும் பாதிக்கப்படும்.

கிடைமட்ட இழுவையைத்தான் கவனிக்க வேண்டும். குமிழ்போல் எழும் நிலத்தின் உச்சி எல்லாத் திசையிலும் விரிகிறது. அதே மாதிரியில் நடுவில் விரிவு 0.06 சதவீதம், 10 மீட்டர் சுவருக்கு 6 மில்லிமீட்டர். கட்டடச் சேதத்தைப் படிகளாகப் பிரிக்கும் பர்லாண்டின் வகைப்பாட்டில் 0.05 முதல் 0.075 சதவீதம் வரையிலான இழுவை ‘மிகச் சிறு சேதம்’ என்ற முதல் படியில் வருகிறது, அதாவது 1 மில்லிமீட்டர் வரையிலான விரிசல். நிலத்தின் விரிவு முழுவதும் கடைக்கால் வழியே சுவருக்கு ஏறுவதும் இல்லை. இடையே கொஞ்சம் வழுக்கிவிடும். ஆகவே ஒரு வீட்டில் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விரிசல் இருந்தால், “நிலம் எழுந்தது, அதனால் வெடித்தது” என்று எழுதிவிட்டுப் போக முடியாது. வேறு காரணம் இருக்கிறது: நிலநடுக்கம், பழைய மண் நிரப்பு, வீட்டடியில் ஓடும் பிளவுக்கோடு (பாறை உடைந்து நகரும் கோடு), உடைந்த தண்ணீர்க் குழாய் அரித்த மண், பின்னாளில் வேறு கடைக்காலில் ஒட்டிக் கட்டிய அறை.

காரணத்தைப் பெரும்பாலும் விரிசலின் வடிவமே சொல்லிவிடும். இரு ஜன்னல்களுக்கு நடுவிலுள்ள சுவரில் பெருக்கல் குறிபோல் குறுக்கும் மறுக்கும் ஓடினால், சுவர் இருபுறமும் மாறி மாறித் தள்ளப்பட்டிருக்கிறது, அது குலுக்கல். மேலே அகன்று கீழே குறுகினால் கட்டடத்தின் ஓரங்கள் இறங்கியிருக்கின்றன. கீழே அகன்று மேலே குறுகினால் நடுப்பகுதி இறங்கியிருக்கிறது. கடைக்காலிலிருந்து மேல்தளம் வரை ஒரே அகலத்தில் செங்குத்தாக ஓடினால் கிடைமட்ட இழுவையைச் சந்தேகிக்க வேண்டும். கான்கிரீட் தூணுக்கும் செங்கல் நிரப்புக்கும் இடையே மயிரிழைக் கோடு மட்டும் தெரிந்தால் பயமில்லை. இரு சுவர்கள் சேரும் மூலையில் மேலே அகன்ற செங்குத்துப் பிளவுதான் மிக ஆபத்தானது. அந்தச் சுவர் தெருப்பக்கம் பிரிந்து சாயத் தொடங்கியிருக்கிறது. பொட்சுவோலியின் பழைய வீடுகள் எரிமலைச் சாம்பல் இறுகிய மஞ்சள் தூஃபுக் கல்லால் ஆனவை. எதிரெதிர்ச் சுவர்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கட்டுக்கம்பி இல்லாத இடங்களில் இந்தப் பிளவை முதலில் தேட வேண்டும்.

விரிசலின் வயதும் முக்கியம். விளிம்பு கூர்மையாக, உட்புறம் வெளுப்பாக இருந்தால் புதியது. உள்ளே பெயிண்டோ, புகைக்கரியோ, சிலந்தி வலையோ இருந்தால் பழையது. பூச்சை ஒரு சாண் அகலம் தட்டியெடுத்துப் பார்க்காமல் கல்லிலும் விரிசல் இருக்கிறது என்று எழுதக்கூடாது. பூச்சு மட்டும் கழன்றிருப்பதும் உண்டு.

இத்தாலியில் நிலநடுக்கத்துக்குப் பிறகு வீட்டைச் சோதிக்க ‘ஏடெஸ்’ என்ற அரசுப் படிவம் இருக்கிறது. வல்லுநர்கள் குழுவாகவே போவார்கள். முதலில் தெருவிலிருந்து சுற்றிப் பார்த்து, கைப்பிடிச் சுவர், புகைபோக்கி, ஓடு எதுவும் தலைக்கு மேல் தொங்கவில்லை என்று உறுதியான பிறகே உள்ளே. சேதம் இல்லை, லேசு, நடுத்தரம் முதல் கடுமை, மிகக் கடுமை முதல் இடிவு என்று படிகள் உண்டு. ஒவ்வொன்றும் கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழா, மூன்றில் இரண்டு பங்கு வரையா, அதற்கும் மேலா என்று குறிக்க வேண்டும். முடிவு ‘அ’ (A) முதல் ‘ஃப்’ (F) வரையான ஆறு இத்தாலிய எழுத்துகளில் ஒன்று. ‘அ’ என்றால் குடியிருக்கலாம். ‘பி’ என்றால் முட்டுக்கொடுப்பது போன்ற சிறு வேலை முடிந்ததும் குடியிருக்கலாம். ‘சி’ என்றால் ஒரு பகுதி மட்டும் கூடாது. ‘டி’ என்றால் மறுசோதனை தேவை. ‘எ’ (E) என்றால் குடியிருக்கக் கூடாது. ‘ஃப்’ என்றால் வீடு நன்றாக இருந்தாலும் பக்கத்துக் கட்டடத்தாலோ மேலுள்ள பாறையாலோ ஆபத்து. 2024 மே 20-இல் பொட்சுவோலி பகுதியில் 4.4 அளவில் நிலம் குலுங்கிய பிறகு, இத்தகைய சோதனைகளின் முடிவால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

படிவத்தில் ஒரு குறை உண்டு. அது ஒரு குலுக்கலுக்குப் பின்னான நிலையைப் பிடிக்கிறது. நிலமோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் ‘அ’ வாங்கிய வீடு ஆறு சிறு நிலநடுக்கங்களுக்குப் பிறகும் ‘அ’ என்று நம்பக்கூடாது. எனவே விரிசலின் மேல் அளவுக்குறி பதித்துத் தொடர்ந்து படிக்க வேண்டும். கண்ணாடிச் சில்லை ஒட்டினால் அசைந்தது தெரியும். எவ்வளவு, எந்தத் திசையில் என்பது தெரியாது. துருப்பிடிக்காத மூன்று குமிழ்களை முக்கோணமாக, இரண்டு ஒருபுறமும் ஒன்று மறுபுறமும் பதித்து, காலிப்பரால் 0.1 மில்லிமீட்டர் வரை அளந்தால் விரிவும் வழுக்கலும் தனித்தனியே கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் அளந்து வெப்பநிலையையும் எழுத வேண்டும். வெயிலுக்கும் குளிருக்கும் விரிசல் தானாகவே சுருங்கி விரியும். ஓராண்டுப் பதிவு இல்லாமல் அதைப் பிரித்தெடுப்பது கடினம். இந்த அளவுகளை, அப்பகுதி எரிமலைகளைக் கண்காணிக்கும் வெசூவியஸ் ஆய்வகத்தின் ஜிபிஎஸ் நிலையங்கள் காட்டும் உயர்வோடு ஒப்பிட்டால், விரிசல் நிலத்தோடு சேர்ந்து நடக்கிறதா, குலுக்கல் நாட்களில் மட்டும் குதிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எரிமலை அருகே நிலம் நகர்வதெல்லாம் நிலமெல்லசைவு ஆகாது. சிசிலியிலுள்ள எட்னா எரிமலையின் கிழக்குச் சரிவில் பிளவுக்கோடுகள் வழுக்கிச் சாலையையும் சுவரையும் வெட்டுவது பிளவு நகர்வு. 2023 நவம்பரில் ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊருக்கடியில் பாறைக்குழம்பு புகுந்து, நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கியது சில மணி நேர வேலை. அங்கே மேலே சொன்ன 1900-க்கு 1 கணக்கு செல்லாது. வேறுபாடு சில மீட்டர் அகலத்துக்குள் குவிவதால் அதன் மேல் நிற்கும் கட்டடம் நேராகவே கிழிகிறது.

செப்பனிடும்போது, நிலம் எழுந்துகொண்டிருக்கையில் விரிசலைக் கெட்டியான சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டாம். அடுத்த விரிவில் அதன் ஓரத்திலேயே புதிதாக வெடிக்கும். நிலம் அமிழும்போது மூட வேண்டிய பிளவு மூட முடியாமல் விளிம்புகளை நசுக்கும். மழைநீர் இறங்காமல் நெகிழும் பசையால் மூடி, அளவுக்குறியை வெளியே விட்டு, கட்டுக்கம்பியை இறுக்குவதே அந்தக் காலத்துக்கு ஏற்ற வேலை.