வண்டிச் சக்கரமும் வெடித்த புல்லாங்குழலும்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் கறுப்பு மரப் புல்லாங்குழல் வாங்கினாராம். மூங்கில் இல்லை. நாலு துண்டாகக் கழற்றலாம். விரல் வைக்க ஆறு துளை, அதுபோக எட்டு உலோகக் கீ, அதாவது துளையை மூடித் திறக்கும் நெம்பு. "அசல் கருங்காலிங்க, வீட்டுல வெச்சா விளங்கும்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அசலா என்று பார்க்க இவர் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டார். அசல் கருங்காலியாக இருந்தால் தண்ணீர் சிவக்கும் என்று யாரோ சொன்னார்களாம். ஒரே வாரத்தில் தலைத்துண்டில், அதாவது வாய் வைத்து ஊதும் துண்டில், நீளவாக்கில் விரிசல். "ஏமாந்துட்டனுங்களா? இது என்ன விலை போகும்?" என்பது கேள்வி.

கடைக்காரர் மேல் பழி போட வேண்டாம். வேலையைக் காட்டியது தண்ணீர். ஆனால் அந்த விரிசல்தான் குழலின் ஜாதகத்தைப் பாதி சொல்லிவிடுகிறது. அவர் அனுப்பிய படத்தில் தலைத்துண்டின் உள்ளே பித்தளைக் குழாய் மின்னுகிறது.

காங்கேயம் பக்கம் எங்கள் அப்பாரு வீட்டில் மாட்டுவண்டி இருந்தது. சித்திரை வெயிலில் சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்து கடகடக்க ஆரம்பிக்கும். அப்பாரு சக்கரத்தைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் போட்டுவிடுவார். காலையில் பட்டை கல் மாதிரி இறுகியிருக்கும். இரும்பு அப்படியேதான் இருந்தது, வட்டை மரம்தான் ஊதிப்போயிருந்தது.

மரம் என்பது நெருக்கிக் கட்டிய வைக்கோல் கட்டு மாதிரி. ஒவ்வொரு செல்லின் சுவரிலும் நூலைவிட மெல்லிய செல்லுலோஸ் இழைகள், பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. ஈரம் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகிறது. இழை நீளாது, இழைகளுக்கு இடையிலான தூரம்தான் கூடும். அதனால் மரம் குறுக்கே பருக்கும், நீளத்தில் அநேகமாக மாறாது. குறுக்கிலும் ஒரு கணக்கு இருக்கிறது: ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் வரும் மாற்றம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் வருவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சக்கரத்தில் இரும்பு வெளியே, மரம் உள்ளே. மரம் சுருங்கினால் பட்டை தளரும், அவ்வளவுதான். குழலில் அது தலைகீழ். சுருதியைக் கூட்டிக் குறைக்கத் தலைத்துண்டை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும் என்பதற்காக, 19ஆம் நூற்றாண்டில் உள்ளே உலோகக் குழாய் பொருத்தினார்கள். காய்ந்து சுருங்கும் மரத்துக்கு இப்போது போக இடமில்லை. குழாயின் வெளிவிட்டம் 20 மி.மீ. என்று வையுங்கள், சுற்றளவு சுமார் 63 மி.மீ. மரம் 1 சதவீதம் சுருங்கப் பார்த்தாலே 0.6 மி.மீ. பற்றாக்குறை. அதை எங்கிருந்து ஈடுகட்டும்? இழைகளுக்கு நடுவே கிழிந்துதான். விரிசல் நூல் பிடித்தமாதிரி நேராக ஓடுவது அதனால்தான்.

ஊறப்போட்டது இதைத் துரிதப்படுத்தியது. எடுத்து ஃபேன் காற்றில் வைத்ததும் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்மரம் இன்னும் பருத்தே இருக்கும். வறண்ட காற்று வீசும் மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

சரி, விலைக்கு வருவோம். உலோகம் பதித்த தலை, ஆறு துளை, எட்டு கீ: ஐரோப்பியப் பழைய முறைக் குழல். கால்துண்டை நோக்கி உட்துளை குறுகிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஜெர்மன் குழல் வினைஞர் தியோபால்ட் போம் 1847இல் குழலின் உடலை ஒரே அகலமாக மாற்றிவிட்டார், ஆனால் குறுகும் வகையை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் செய்தார்கள். ஆகவே இதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து முத்திரையைத் தேடுங்கள். 1821இல் லண்டனில் தொடங்கிய குழல் தயாரிப்பு நிறுவனமான ருடால் அண்ட் ரோஸ் பெயர் இருந்தால் சில ஆயிரம் பவுண்டு பேசலாம். அயர்லாந்தின் மரபிசைக்காரர்கள் இந்த வகையை விரும்பி வாசிக்கிறார்கள். 'நாக் மேயர்' என்றிருந்தால் துள்ள வேண்டாம். ஜெர்மனில் அதற்கு, மேயர் என்ற குழல் வினைஞரின் பெயரை வைத்து, 'மேயர் பாணியில்' என்றுதான் பொருள். அப்படிப்பட்டவை ஏராளம், விலையும் அதற்குத் தக்கபடிதான். விரிசல் விலையைக் குறைக்கும், ஆனால் பூஜ்யமாக்காது. இந்த வயதுக் குழல்களில் தலை வெடிப்பது சகஜம்.

எந்தச் சுருதிக் குழல் என்று பார்ப்பதானால் விடியற்காலையில் பாருங்கள். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், சுருதியும் ஏறும். ஈரோட்டு மதிய வெயிலில் ஊதினால் சாதாரணக் குழலும் பழைய காலத்து உயர் சுருதிக் குழல்போல ஏமாற்றும்.

வளையங்கள் தந்தமாகத் தெரிந்தால் விற்கும் யோசனையே வேண்டாம், இந்தியாவில் தந்த வியாபாரம் குற்றம்.

அப்புறம் கருங்காலி. இத்தகைய குழல்களில் அதிகம் காண்பது கரீபியன் தீவுகளின் கோகஸ் மரமும், நம் ஈட்டியின் பங்காளியான ஆப்பிரிக்கக் கருமரமும். மரத்தால் நாதம் மாறுமா? 1971இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் என மூன்று குழல்களை ஒரே அளவில் செய்து மறைவில் வாசிக்கச் செய்தார், கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாதமே மாறாதபோது கிரகம் மாறுமா? கோவையில் 1902இலிருந்து காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது, மர மாதிரிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கருங்காலி மாலைக்கு ஊர் செலவழிப்பதில் நூறில் ஒரு பங்கு மர ஆராய்ச்சிக்குக் கிடைத்தால் போதும் என்பது என் புலம்பல்.

விரிசலில் பசையை ஊற்றாதீர்கள். விவரம் தெரிந்த கைவினைஞர் குழாயை உருவி, மரத்தின் உட்புறத்தைச் சற்றே கடைந்து இடம்விட்டு, பிறகு ஒட்டுவார். அதுவரை வெயில் படாமல் துணியில் சுற்றி வையுங்கள்.

சாயம் ஏற்றிய மரமும் தண்ணீரில் நிறம் விடலாம் என்பதால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. இருந்தாலும் எனக்கு ஓர் அரிப்பு: தண்ணீர் சிவந்ததா என்பதை மட்டும் அவர் கடிதத்தில் எழுதவே இல்லை.