ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி

நால்வர் கூடி முடிவெடுத்தால் நால்வரின் அறிவும் அதில் சேர்ந்துவிடும் என்றே பொதுவாக நம்புகிறோம். உளவியலாளர்கள் கேரல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. மூன்று வேட்பாளர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்குமாறு நால்வர் குழுக்களிடம் கேட்கப்பட்டது. மிகத் தகுதியானவரின் நிறைகளை உறுப்பினர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அனைத்தையும் ஒன்றுசேர்த்தால்தான் அவருடைய தகுதி புலப்படும். பெரும்பாலான குழுக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

நால்வருக்கும் தெரிந்த செய்தியை அவர்களில் எவரும் எடுத்துச் சொல்லலாம். ஒருவருக்கு மட்டும் தெரிந்ததோ அவர் வாய் திறந்தால்தான் வெளிவரும். வெளிவந்தாலும், அதை ஆமோதிக்க வேறொருவர் இல்லாததால், எல்லோரும் முன்பே அறிந்த செய்திக்குக் கிடைக்கும் எடை அதற்குக் கிடைப்பதில்லை. போதாததற்கு, ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை மனத்தில் முடிவுசெய்துகொண்டு வந்து, அதற்குச் சாதகமானவற்றையே பேசுகிறார்கள்.

ஆகவே, கலந்துரையாடலை நீட்டிப்பதைவிட அதன் ஒழுங்கை மாற்றுவதே பயன்தரும். பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைத் தனியே எழுதிவிட வேண்டும்; யார் எந்தத் துறையை நன்கு அறிந்தவர் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்; தலைமை வகிப்பவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். இவற்றுள் மூன்றாவதுதான் மிகக் கடினமானது, மிக அவசியமானதும்கூட என்பது என் எண்ணம்.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்கு அச்சமும் ஒரு காரணம். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், சிறந்த குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகளோ அவற்றில்தான் கூடுதலாக இருந்தன. அங்கே தவறுகளைத் தயங்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் இந்தத் தயக்கத்தைக் கருத்தில் கொள்கிறது: கத்தி வைக்குமுன் அறையில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அதன் 19 அம்சங்களுள் ஒன்று. தொடக்கத்திலேயே ஒருமுறை பேசிவிட்ட செவிலியர், பிறகு ஆபத்தைக் கண்டால் மூத்த மருத்துவரிடமும் அதை எடுத்துரைக்கத் துணிவார் என்பதே இதன் அடிப்படை. மற்றப் பணியிடங்களிலும் கூட்டத்தின் முதல் சில நிமிடங்களில் எல்லோரையும் ஒருமுறை பேசவைக்கலாம். கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரிடம் குறுக்கு விசாரணை நடத்தாமல், முதலில் முழுவதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.