காற்றை வடிகட்டிய கப்பல்

1841 அக்டோபர். ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் 'ஆல்பர்ட்' என்ற பிரிட்டிஷ் நீராவிக் கப்பல் கடலை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. பயணத்தின் தலைவர் கேப்டன் ட்ராட்டர் காய்ச்சலில் படுத்த படுக்கை. இன்ஜினியர்களும் படுத்துவிட்டார்கள். பாறைகளை ஆராய வந்த ஸ்டாங்கர், நீராவி இயந்திரப் புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து இன்ஜினை ஓட்டுகிறார். கப்பலுக்கு வழி சொல்வது டாக்டர் மெக்வில்லியம். நோயாளிகளையும் அவர்தான் கவனிக்க வேண்டும்.

அலட்சியமாகக் கிளம்பி வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். அடிமை வணிகத்தை நிறுத்த ஆற்றங்கரை அரசர்களோடு ஒப்பந்தம் போடுவதற்காக மூன்று இரும்புக் கப்பல்களை அரசே அனுப்பியது. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்பது அன்றைய மருத்துவம். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். அதனால் டேவிட் பாஸ்வெல் ரீட் என்ற காற்றோட்ட நிபுணர் கப்பல்களுக்குள் விசிறிகளையும் குழாய்களையும் பொருத்தினார். வெளிக்காற்று ரசாயனங்கள் வைத்த இரும்புப் பெட்டி வழியாகச் சுத்தமாகி உள்ளே போகும். அருமையான பொறியியல்தான். ஆனால் எதிரி காற்றில் கலந்து வரவில்லை, காற்றில் பறந்து வந்தது.

ஆகஸ்ட் நடுவில் ஆற்றுக்குள் நுழைந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் காய்ச்சல் மளமளவென்று பரவியது. நடுவிலிருந்த நாட்களை இன்று நம்மால் கணக்குப் பார்க்க முடியும். அனாபிலிஸ் கொசு கடித்ததும் மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு வாரம்போல அங்கே சத்தமில்லாமல் பெருகும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, பெருகி, அவற்றை வெடிக்க வைக்கும். அப்போதுதான் குளிரும் நடுக்கமும்.

மெக்வில்லியத்தின் கணக்குப்படி 145 ஐரோப்பியர்களில் 130 பேருக்குக் காய்ச்சல் வந்தது. ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். கூட வந்த 158 ஆப்பிரிக்கர்களில் 11 பேருக்குத்தான் காய்ச்சல், சாவு ஒன்றுமில்லை. காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே? மேற்கு ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே திரும்பத் திரும்பத் தொற்றி ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். அதற்கு எத்தனையோ குழந்தைகளின் உயிர் விலையாகப் போயிருக்கும் என்பது வேறு கதை.

வேடிக்கை என்னவென்றால், மலேரியாவுக்கான மருந்தான கொயினா கப்பலிலேயே இருந்தது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் பிரித்தெடுத்த அதே கசப்பு மருந்து. ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்னும்போது ஹீம் என்ற நச்சு மிஞ்சுகிறது. அதைப் படிகமாக்கி ஒதுக்கிவைத்துத் தப்பிக்கிறது. கொயினா அந்த வேலையைக் கெடுக்கிறது, தன் எச்சத்தாலேயே ஒட்டுண்ணி சாகிறது என்பது இன்றைய விளக்கம். ஆனால் காய்ச்சல் முற்றிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு. கல்லீரலிலிருந்து ஒட்டுண்ணி வெளியே வரும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்.

1854-இல் 'ப்ளையட்' கப்பலில் அதே ஆற்றுக்கு வந்த பெய்க்கி என்ற கடற்படை மருத்துவர் இதைத்தான் செய்தார். காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் தினமும் கொயினா கொடுத்தார். 118 நாள் ஆற்றில் இருந்தும், போன 12 ஐரோப்பியர்களும் உயிரோடு திரும்பினார்கள்.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு பெய்க்கிக்குத் தெரியாது. கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். பெய்க்கி இறந்து அப்போது ஏறக்குறைய 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.