சனிக்கிழமை ராத்திரி கணக்கு

சபையில் ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால், "ஜெபித்துக்கொள்கிறேன் பிரதர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படி நகர்ந்தவன்தான். தருமபுரியில் குடிநோய் ஆலோசகராக உட்கார்ந்த பிறகுதான், அந்த வார்த்தையோடு நின்றுவிட்டால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்த்தேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவருக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறினால் சனிக்கிழமை ராத்திரிதான் ஊர். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முதலில் வந்து பாய் விரிப்பவர் அவர்தான். எட்டு வருடமாகத் தினமும் குடிக்கிறார் என்பது சபையில் இரண்டு பேருக்குத் தெரியும். "நமக்கெதுக்கு" என்று இருவரும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஓர் உபவாச ஜெபத்தில் மனம் உடைந்து, அன்றைக்கே குடியை நிறுத்தினார். மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். பிசாசின் போராட்டம் என்று சுற்றி நின்று ஜெபித்தார்கள். விடியும் நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

இதை எல்லாச் சபைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். தாராளமாக ஜெபியுங்கள், ஆனால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிற வழியில் ஜெபியுங்கள்.

பிழைத்துவிட்டார். சரி, அப்புறம்? மருந்து உடம்பைத் தேற்றிவிடும். கையில் வாரக்கூலியோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கூட நிற்க ஓர் ஆள் வேண்டுமே. மதுக்கடையை ராத்திரி 10 மணிக்குத்தான் மூடுகிறார்கள்.

சபை மூப்பர் ஒருவர், தையல்கடைக்காரர், முன்வந்தார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். "நல்லா இருக்கியா தம்பி" என்று அவர் கேட்கவில்லை. "கூலி எவ்வளவு வந்துச்சு, இப்ப கையில எவ்வளவு இருக்கு?" என்றார். தம்பி சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினார். 300 ரூபாய் குறைந்தது. பெரியவர் முகம் மாறவில்லை. "எந்தக் கிழமை?" என்றார். "புதன்." "யாரோட?" அதற்கும் பதில் வந்தது. பிறகு அவரே, "நானும் இந்த வாரம் பையனைக் கை ஓங்கிட்டேன் தம்பி, எனக்காகவும் ஜெபம் பண்ணு" என்றார். நான் பிரமித்துப்போனேன். யாக்கோபு நிருபம் 5:16-இல் குற்றங்களை "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடுங்கள் என்றுதானே இருக்கிறது? ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் அது விசாரணை.

1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில்தான், குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம் பிறந்தது. கடவுளிடமும் தன்னிடமும் மட்டுமல்லாமல் இன்னொரு மனிதரிடமும் தவறை ஒப்புக்கொள்வது, குடியிலிருந்து மீள அது சொல்லும் படிகளில் ஐந்தாவது. அந்த இன்னொரு மனிதர் கிடைக்காமல்தான் நம் ஆட்கள் பலர் தவிக்கிறார்கள்.

ஏன் கிடைப்பதில்லை? என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: நம்பிச் சொன்னது அடுத்த கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக வந்துவிட்டது. "பேர் வேண்டாம், நம்ம சபையில் ஒரு சகோதரர்" என்று தொடங்கினாலே போதும், கிருஷ்ணகிரி வரைக்கும் தெரிந்துவிடும். "பின்வாங்கிப் போயிட்டான்" என்ற முத்திரை ஒருமுறை விழுந்தால் அவர் வாய் திறக்க மாட்டார். கேட்டது உங்களோடு இருக்கட்டும், மனைவிக்குக்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் மறைக்கவே கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். சாகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னாலும் தனியே விடாதீர்கள். டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணை, 14416-ஐ, எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.

அந்தத் தம்பி அதற்கப்புறமும் இரண்டு முறை சறுக்கினார். ஒருமுறை சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இறங்காமலே போய்விட்டார். மறுநாள் ஆராதனை முடிந்ததும் பெரியவர் நேரே வீட்டுக்குப் போய், களி கிளறச் சொல்லி, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். கை கழுவிய பிறகுதான் கணக்குக் கேட்டாராம்.

போன மாதம் பெரியவருக்குக் கண் ஆபரேஷன். பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியவில்லை. ராத்திரி ஒன்பதரைக்குத் தம்பியே போன் செய்து, "அண்ணா, இன்னிக்கு நீங்க கேக்கலையே" என்று ஒவ்வொரு நோட்டாகச் சொல்லி எண்ணியிருக்கிறார்.